களத்திலிருந்து மைக்குக்கு: பெங்களூரு ஆட்டக்காரர்களும் வர்ணனைத் தொழிலும்

1996 மார்ச் 9, பெங்களூரு சின்னசாமி மைதானம். உலகக் கோப்பைக் கால் இறுதியில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. சித்துவின் 93 ரன்னையும், கடைசி ஓவர்களில் வக்கார் யூனிஸை ஜடேஜா விளாசிய விளாசலையும் நம்மில் பலர் இன்றும் மனப்பாடமாகச் சொல்வோம். ஆமிர் சொஹைல் பவுண்டரி அடித்துவிட்டு, மட்டையை நீட்டிப் பந்து போன திசையைக் காட்டினார். அடுத்த பந்திலேயே வெங்கடேஷ் பிரசாத் அவருடைய ஸ்டம்பைப் பெயர்த்தார். அதை மறந்தவர் யாரும் இருக்க முடியாது.

அந்த ஆட்டத்தை வேறொரு கணக்குக்காகவும் எடுத்துப் பார்க்கலாம். அன்று களமிறங்கிய 22 பேரில் பிற்காலத்தில் மைக்கின் முன்னால் உட்கார்ந்தவர்கள் யார் யார்? சித்து, மஞ்ச்ரேக்கர், ஜடேஜா, பிரசாத், கும்ப்ளே. எதிர்ப்பக்கம் சொஹைல், வக்கார், ரஷீத் லத்தீஃப். இவர்களில் சிலர் முழுநேர வர்ணனையாளர்கள், சிலர் ஸ்டுடியோவில் அமர்ந்து அலசுபவர்கள், சிலர் எப்போதாவது வந்துபோகிறவர்கள். எப்படி எண்ணினாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்துவிடுகிறது. கிரிக்கெட்டை விட்டபின் பேச்சுக்குப் போவது ஒருசிலரின் தனி விருப்பம் அல்ல, ஆட்ட வாழ்க்கையின் அடுத்த கட்டமாகவே அது ஆகிவிட்டது என்பதற்கு இந்த ஒரு ஸ்கோர்கார்டே போதும்.

அன்று ஆடியவர்களில் கர்நாடகத்துக்காரர்கள் மூவர்: கும்ப்ளே, ஸ்ரீநாத், பிரசாத். இவர்களில் முழுநேர வர்ணனையாளராக நிலைத்தவர் ஒருவர்கூட இல்லை. ஸ்ரீநாத் 2006 முதல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் ஆட்ட நடுவராக இருக்கிறார். கும்ப்ளே கர்நாடக கிரிக்கெட் சங்கத் தலைவர், இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர், பஞ்சாப் கிங்ஸ் பயிற்சியாளர் என்று சுற்றியவர்; அலசல் மேசைக்கு வந்தது இவற்றுக்கு நடுவில்தான். பிரசாத் பந்துவீச்சுப் பயிற்சியாளராகவும் ஜூனியர் தேர்வுக்குழுத் தலைவராகவும் இருந்தவர். முந்தைய தலைமுறையும் இப்படித்தான். குண்டப்பா விஸ்வநாத் ஆட்ட நடுவரானார், தேர்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1983 உலகக் கோப்பையில் சிறந்த விக்கெட் கீப்பராகத் தேர்வான கிர்மானியும் தேர்வாளர் ஆனார். ரோஜர் பின்னி 2022-இல் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவே ஆனார். திராவிட் 2012-இல் ஓய்வு பெற்றபின் சில காலம் வர்ணனைப் பெட்டியில் இருந்துவிட்டு இளையோர் அணிப் பயிற்சிக்குப் போய்விட்டார்.

மும்பையோ கவாஸ்கர், சாஸ்திரி, மஞ்ச்ரேக்கர் என்று வரிசையாகக் குரல்களைத் தந்தது. சென்னை ஸ்ரீகாந்தையும் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனையும் தந்தது. 1970களில் பிரசன்னா, சந்திரசேகர், விஸ்வநாத் என்று ஆடியும், 1973-74 ரஞ்சிப் பருவத்தில் பம்பாயின் 15 ஆண்டுத் தொடர் வெற்றியை முறித்தும் காட்டிய ஒரு நகரம் மைக் விஷயத்தில் ஏன் பின்தங்கியது?

பெங்களூருக்காரர்கள் அமைதியானவர்கள், அதிகம் பேசாதவர்கள் என்று ஒரு பதில் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2011 டிசம்பரில் கான்பெராவில் பிராட்மன் நினைவுப் பேருரையை நிகழ்த்த ஆஸ்திரேலியர் அல்லாத முதல் ஆட்டக்காரராக அழைக்கப்பட்டவர் திராவிட். அந்த உரையைக் கேட்டவர் யாரும் அவருக்குப் பேச வராது என்று சொல்ல மாட்டார்கள். கும்ப்ளே ஒரு லெக் ஸ்பின்னரின் மணிக்கட்டைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினால் அது ஒரு பாடம். பேச்சுத்திறனில் குறை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வேலை இருந்த இடம்தான் காரணம். 2000-இல் தேசிய கிரிக்கெட் அகாடமி பெங்களூரில் வந்தது. ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் பயிற்சித் துறையே உட்கார்ந்திருந்தது. தொலைக்காட்சியின் ஸ்டுடியோக்களும் தயாரிப்பாளர்களும் விளம்பர நிறுவனங்களும் மும்பையில் இருந்தன. மும்பை ஆட்டக்காரர் ஒரு மாலை நிகழ்ச்சிக்குப் போய்ப் பழகிக்கொள்ளலாம். பெங்களூருக்காரருக்கு அது விமானப் பயணம். சின்னச் சின்ன வாய்ப்புகளில்தான் இந்தத் தொழில் கைவரும். அவை கிடைக்காதவருக்குப் பெரிய வாய்ப்பு திடீரென்று வருவதில்லை.

இந்தத் தொழில் என்ன கேட்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பார்வையாளருக்கு அது இரண்டு நண்பர்கள் உட்கார்ந்து அரட்டை அடிப்பதுபோல இருக்கும். பெட்டிக்குள் இருப்பவருக்கு அப்படியில்லை. காதில் ஹெட்போன், அதில் பக்கத்தில் இருப்பவரின் குரலோடு தயாரிப்பாளரின் குரலும் வந்துகொண்டே இருக்கும். அடுத்து எந்த ரீப்ளே வருகிறது, எந்தப் புள்ளிவிவர அட்டை திரையில் ஏறப்போகிறது, விளம்பரத்துக்கு எத்தனை விநாடி பாக்கி என்று அது சொல்லும். நாம் கேட்கும் வாக்கியத்தை அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வாக்கியத்தைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கிறார். ஓவரின் ஆறாவது பந்து முடிந்ததும் விளம்பரம் பாய்ந்துவரும். ஆரம்பித்த கருத்தை அதற்குள் முடித்தாக வேண்டும், இல்லையேல் அது பாதியில் அறுந்துபோகும். பெரிய சிக்ஸருக்குப் பிறகு கூட்டத்தின் சத்தத்துக்கு வழிவிட்டு வாயை மூடிக்கொள்ளவும் தெரிய வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு மிகவும் கடினமாக இருப்பது இந்தக் கடைசி விஷயம். 20 ஆண்டு ஆடிய அனுபவம் இதில் எதையும் கற்றுத் தந்திருக்காது.

ஆட்டக்காரரால் மட்டும் தரக்கூடியது ஒன்று உண்டு: பந்து வீசப்படுவதற்கு முந்தைய ஐந்து விநாடி. கேப்டன் ஏன் டீப் பாயின்ட்டை நான்கு அடி நகர்த்தினார், பந்துவீச்சாளர் ஏன் கிரீஸின் ஓரத்துக்குப் போனார், பேட்ஸ்மேன் முன்காலை ஏன் திறந்து வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அந்த ஐந்து விநாடிக்குள் இருக்கிறது. நடந்ததைச் சொல்ல நல்ல அறிவிப்பாளர் போதும். நடக்கப்போவதை ஊகித்து, அது தவறிப்போனால் ஏன் தவறியது என்றும் சொல்ல ஆடியவர் வேண்டும். முன்னாள் ஆட்டக்காரரிடம் நாம் கேட்க வேண்டியது அவருடைய பழைய நினைவுகளைவிட இதைத்தான். பிரசாத் எத்தனை முறை மைக்கில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் 1996-ஐக் கிளறுவார். கேட்க நமக்கும் ஆசைதான். ஆனால் விரல்களால் பந்தின் விளிம்பை வழித்து மெதுவான பந்தை மறைத்து வீசும் வித்தையை அவர் ஒரு இளைஞனின் பந்துவீச்சை வைத்து விளக்கினால், அதில் கிடைப்பது அந்த நினைவைவிட மேலானது.

இங்கே பேஸ்பாலைத் திரும்பிப் பார்ப்பது பயன்படும். ஆட்டக்காரரை வர்ணனைக்கு அனுப்பும் வழக்கம் அமெரிக்காவில் நம்மைவிடப் பல தலைமுறை மூத்தது. கிளீவ்லாந்து அணிக்கு ஆடிய ஜாக் கிரேனி 1932-இலேயே வானொலி வர்ணனைக்கு வந்துவிட்டார். அங்கே மிகவும் நேசிக்கப்பட்ட குரல்களில் ஒன்று பாப் யூக்கருடையது. ஆறு பருவங்கள் மேஜர் லீக்கில் ஆடி .200 சராசரி மட்டுமே எடுத்த சாதாரண ஆட்டக்காரர் அவர். ஆனால் 1971 முதல் 2024 வரை மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணியின் வானொலிக் குரலாக இருந்தார்; 2025 ஜனவரியில் மறைந்தார். பேஸ்பாலின் பெரிய வர்ணனையாளர்கள் சிலரை வரிசையாக வைத்தால் இன்னொன்றும் கண்ணில் படும். யூக்கர், ஜோ காராஜியோலா, டிம் மெக்கார்வர் மூவருமே கேட்சர்கள். கேட்சர் பேட்டரின் முதுகுக்குப் பின்னால் குந்தியிருப்பவர். மற்றவர்கள் உள்நோக்கிப் பார்க்க, அவர் ஒருவர்தான் முழு மைதானத்தையும் எதிரே விரித்துப் பார்க்கிறார். ஒவ்வொரு பந்தையும் பிட்சரோடு சேர்ந்து திட்டமிடுபவரும் அவரே.

கிரிக்கெட்டில் அந்த இடம் விக்கெட் கீப்பருடையது. இயன் ஹீலி, கில்கிறிஸ்ட், சங்கக்காரா, தீப் தாஸ்குப்தா, பார்த்திவ் படேல் என்று பட்டியல் நீள்கிறது. 2019 உலகக் கோப்பை இறுதியின் கடைசிப் பந்தை உலகத்துக்குச் சொன்ன இயன் ஸ்மித்தும் நியூசிலாந்தின் முன்னாள் கீப்பர்தான். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஆட்டத்தின் எல்லாப் பந்தையும் கவனித்தாக வேண்டிய ஒரே ஆள் கீப்பர். பேசிக்கொண்டே கவனிக்கிற பழக்கமும் அவருக்குத்தான் உண்டு.

பெங்களூரு ரசிகர்கள் தத்தெடுத்துக்கொண்ட சென்னைக் கீப்பர் தினேஷ் கார்த்திக்கின் கதை இந்தக் கேள்வியின் நடுவில் நிற்கிறது. 2019 உலகக் கோப்பைக்குப் பிறகு இந்திய அணியில் இடமில்லை. 2021 ஜூனில் சவுத்தாம்ப்டனில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியை ஸ்கை ஸ்போர்ட்ஸில் அவர் வர்ணித்தார். மழை புகுந்து முதல் நாளே பறிபோன ஆட்டம் அது. நாசர் ஹுசைன் போன்றவர்களின் பக்கத்தில் அமர்ந்து, ஆடாத நேரத்தையும் பேச்சால் நிரப்பி இங்கிலாந்து ரசிகர்களைக் கவர்ந்தார். எல்லாரும் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது என்றே எடுத்துக்கொண்டார்கள். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

2022 பிப்ரவரியில் பெங்களூரில் ஐபிஎல் பெரிய ஏலம் நடந்தது.   முதல் நாளே பெங்களூரு அணியான ராயல் சேலஞ்சர்ஸ் கார்த்திக்கை 5.5 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அந்தப் பருவத்தில் 16 ஆட்டங்களில் 330 ரன், ஸ்டிரைக் ரேட் 183. மைக்கை வைத்துவிட்டு வந்தவர் அதே ஆண்டு டி20 உலகக் கோப்பை அணியிலும் இருந்தார். 2024 ஏப்ரல் 15 அன்று சின்னசாமியில் ஹைதராபாத் 287 ரன் குவிக்க, 35 பந்தில் 83 அடித்து, தோல்வியையும் மறக்கமுடியாததாக்கினார். அந்தப் பருவத்தோடு ஓய்வு. உடனே அதே அணிக்கு பேட்டிங் பயிற்சியாளர்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: ஆடுவதும் பேசுவதும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதிரணிப் பந்துவீச்சாளர்களை வெளியிலிருந்து பல வாரம் உற்றுப் பார்த்தது, கடைசி ஐந்து ஓவர்களுக்கு மட்டும் இறங்கும் ஒரு பேட்ஸ்மேனுக்கு உதவாமல் இருந்திருக்காது. மைக்கின் ஆபத்தையும் கார்த்திக் அனுபவித்தார். 2021-இல் ஓர் ஒருநாள் ஆட்ட வர்ணனையில் பெண்களை இழிவுபடுத்தும் ஒரு ஒப்புமை அவர் வாயில் வந்துவிட்டது. அடுத்த ஆட்டத்தின்போதே ஒளிபரப்பில் மன்னிப்புக் கேட்டார். அணியின் உடைமாற்றும் அறையில் புழங்கும் பேச்சு அப்படியே வீடுகளுக்குள் போகக்கூடாது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. அடிபட்டுத்தான் கற்க வேண்டியிருக்கிறது.

ரிச்சி பெனோ அப்படிக் கற்கவில்லை. 1956 இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முடிந்ததும் அங்கேயே தங்கி பிபிசியில் தொலைக்காட்சிப் பயிற்சி எடுத்தார். அப்போது அவர் ஆஸ்திரேலியாவின் கேப்டன்கூட ஆகவில்லை. ஊர் திரும்பி, ஆடிக்கொண்டே செய்தித்தாளில் வேலை பார்த்தார். 1964-இல் ஆட்டத்தை விட்டபோது அவருக்குப் புதுத் தொழில் புதிதாக இல்லை. வர்ணனைக்கு முன்மாதிரி என்று எல்லாரும் அவரைச் சொல்கிறார்கள். அவர் செய்த அந்த ஆயத்தத்தைப் பின்பற்றியவர்கள் குறைவு.

பெங்களூருக்கு உண்மையான திருப்பம் மொழி வழியாக வந்தது. 2017 மே மாதம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசை தொடங்கியது. 2018-இல் ஐபிஎல் ஆறு மொழிகளில் ஒளிபரப்பானது. ஐந்தாண்டு உரிமைக்கு ஸ்டார் கொடுத்த 16,347.5 கோடியைத் திரும்ப எடுக்க ஆங்கிலமும் இந்தியும் மட்டும் போதாது என்பது வியாபாரக் கணக்கு. அந்த ஆண்டின் இறுதியில் கன்னட அலைவரிசையும் வந்தது. 2023-இல் இணையவழி உரிமை பெற்ற ஜியோசினிமா மொழிகளின் எண்ணிக்கையை 12 ஆக்கியது. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு குழு, ஒவ்வொரு குழுவிலும் ஆடியவர்கள் சிலர். ஒரு தலைமுறையாகப் பெங்களூருக்கு மூடியிருந்த கதவு சில மாதங்களில் திறந்தது.

உள்ளே வந்தவர்கள் யார் என்று பாருங்கள். விஜய் பரத்வாஜ் 1999-இல் நைரோபியில் நடந்த எல்ஜி கோப்பையில் அறிமுகமாகித் தொடர் நாயகன் விருது வாங்கியவர். ஆனால் சர்வதேச வாழ்க்கை 3 டெஸ்ட், 10 ஒருநாள் ஆட்டங்களோடு முடிந்துபோனது. பரத் சிப்லி கர்நாடகத்துக்கும் டெக்கான் சார்ஜர்ஸுக்கும் ஆடிய பேட்ஸ்மேன். அகில் பாலச்சந்திரா ராயல் சேலஞ்சர்ஸின் முதல் பருவத்து அணியில் இருந்தவர். தாவணகெரேக்காரரான வினய் குமார் 2013-14, 2014-15 என அடுத்தடுத்து இரண்டு ரஞ்சிக் கோப்பைகளை வென்ற கேப்டன். விஸ்வநாத் போன்ற மூத்தவரும் கன்னட வர்ணனைக்கு வந்து உட்கார்ந்தார். தமிழில் பத்ரிநாத், பாலாஜி, ஹேமங் பதானி, எஸ். ரமேஷ், அபினவ் முகுந்த் என்று இதே கதை. ஆங்கில வர்ணனைக்குப் பெரும்பாலும் சர்வதேச அளவில் ஆடிய பெயர் தேவைப்பட்டது. கன்னடத்துக்கும் தமிழுக்கும் ரஞ்சி அனுபவமும் சரளமான தாய்மொழியும் போதும். ஆட்ட அறிவு என்பது சர்வதேசத் தொப்பியோடு மட்டும் வருவதில்லை. 15 ஆண்டு ரஞ்சி ஆடிய ஒருவர் ஹூப்ளி ஆடுகளத்துக்கும் மைசூர் ஆடுகளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த நட்சத்திரத்தையும்விட நன்றாகச் சொல்வார். இது நல்ல மாற்றம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி உண்டு. 1954-55-இல் சென்னை மாகாண அணிக்கு முதல் ரஞ்சிக் கோப்பையை வென்று தந்த கேப்டன் பாலு அழகண்ணன் இந்தியாவுக்கு ஆடியதில்லை. ஆனால் வானொலியில் மதிப்புக்குரிய ஆங்கில வர்ணனையாளராக விளங்கினார். தமிழ் வானொலி வர்ணனையை வளர்த்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரோ ஆட்டக்காரர் அல்ல, குரலும் மொழியும் வாய்த்தவர். அந்தக் காலத்தில் களம் கண்ணில் தெரியாது, சொல்லில்தான் தெரியும்; அதனால் மொழி தெரிந்தவருக்கு முதலிடம். தொலைக்காட்சி அந்த வரிசையைத் தலைகீழாக்கியது. பிராந்திய ஒளிபரப்பில் இருவரும் ஒரே பெட்டியில் உட்கார்கிறார்கள். யார் எதைச் சொல்வது என்ற பாகப்பிரிவினை இன்னும் சரியாகப் படியவில்லை. ஆடியவர் பவுண்டரி போவதை வர்ணிக்கிறார், அறிவிப்பாளர் நுட்பம் பேசுகிறார். கேட்பவருக்கு இரண்டுமே அரைகுறையாக வந்துசேர்கிறது.

கதவு திறந்ததற்குப் பின்னால் ஒரு பொருளாதார மாற்றமும் உண்டு. முந்தைய கர்நாடக ஆட்டக்காரர்களுக்கு வங்கியும் பொதுத்துறை நிறுவனமும் இருந்தன. விஸ்வநாத் ஸ்டேட் பாங்கில் வேலை பார்த்தவர். சின்னசாமி மைதானத்தின் ஒரு முனைக்கே பெமல் நிறுவனத்தின் பெயர்தான். ஆடுவதை நிறுத்தினாலும் மேசையும் நாற்காலியும் மாதச் சம்பளமும் காத்திருந்தன. ஐபிஎல் வந்தபின் வளரும் ஆட்டக்காரர் வங்கி வேலையைத் தேடுவதில்லை, நிறுவனங்களும் விளையாட்டு ஒதுக்கீட்டில் முன்போல எடுப்பதில்லை. 33, 34 வயதில் ஒப்பந்தம் முடியும்போது கையில் இருப்பது கொஞ்சம் சேமிப்பும் ஆட்ட அறிவும்தான். அந்த அறிவை விலையாக்கப் பயிற்சி, வர்ணனை, யூடியூப் என்று மூன்று வழிகள். மூன்றாவதை ஸ்ரீகாந்தும் அஸ்வினும் தமிழில் எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்று காட்டிவிட்டார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே அஸ்வின் தன் சேனலில் சொன்ன விளக்கங்களுக்கு இணையானவை நம் அலைவரிசைகளில் அபூர்வம். அங்கே விளம்பரத்துக்காக வாக்கியத்தை அறுக்க வேண்டியதில்லை என்பது ஒரு காரணம்.

இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. பிராந்திய மொழி வர்ணனையாளர்கள் பெரும்பாலும் மைதானத்தில் இருப்பதில்லை. சின்னசாமியில் நடக்கும் ஆட்டத்தைக் கன்னடத்தில் சொல்பவர் மும்பை ஸ்டுடியோவில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆடியவரின் சொத்து முழுக்களத்தையும் ஒரே பார்வையில் படிப்பது என்று மேலே சொன்னேன். திரை அதை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது. கேமரா பந்துவீச்சாளரின் முகத்தைக் காட்டும்போது பின்னால் ஃபைன் லெக் உள்ளே வந்ததை அவரால் பார்க்க முடியாது. மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் ஆங்கில வர்ணனையாளர் கழுத்தைத் திருப்பினால் போதும். சின்னசாமி கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எல்லைக்கோடுகள் சிறியவை, பந்து காற்றில் மிதந்து போய்விடும். அந்த மாலையில் பனி விழுகிறதா, பந்து கையில் வழுக்குகிறதா என்பதை அங்கே நின்று உணர வேண்டும். பத்து வயதிலிருந்து அந்தப் புல்லில் ஆடிய பெங்களூருக்காரரை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்காரவைத்து அதே மைதானத்தைப் பற்றிப் பேசச் சொல்கிறோம். பிறகு அவர் வெறும் உற்சாகத்தையும் சினிமா வசனத்தையும் வைத்து நேரத்தை நிரப்புகிறார் என்று குறைசொல்கிறோம். குறை அவரிடம் மட்டுமில்லை. உரிமைக்கு இத்தனை ஆயிரம் கோடி கொடுப்பவர்கள், 2023 முதல் 2027 வரைக்கு மொத்தம் 48,390 கோடி, உள்ளூர் ஆட்டத்துக்காவது உள்ளூர் மொழிக் குழுவை மைதானத்தில் உட்காரவைக்கலாம்.

சுதந்திரம் பற்றியும் பேச வேண்டும். தேர்வு, நிர்வாகம் போன்றவற்றைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையை ஏற்க மறுத்து 2013-இல் இயன் சாப்பல் இந்தியத் தொடர் வர்ணனையிலிருந்து விலகினார். 2016 ஐபிஎல்லுக்கு முன் ஹர்ஷா போக்ளே குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 2020 மார்ச்சில் வாரியத்தின் குழுவிலிருந்து மஞ்ச்ரேக்கர் விலக்கப்பட்டார். பெரிய பெயர்களுக்கே இந்த நிலை. ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக ஒப்பந்தம் எதிர்பார்க்கும் ஒரு ரஞ்சி ஆட்டக்காரர், சங்கத்தின் தேர்வு முடிவு தவறு என்று கன்னடத்தில் சொல்வாரா? அதே சங்கத்தில் பயிற்சியாளர் பதவிக்கும் அவர் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். வாரியத்தின் 2018 விதிகள் ஒருவர் ஒரே நேரத்தில் வர்ணனையாளராகவும் வேறு பதவியிலும் இருப்பதைத் தடுக்கின்றன. ஆனால் நாளைக்கு வரக்கூடிய பதவியை நினைத்து இன்று வாயைக் கட்டிக்கொள்வதை எந்த விதியும் தடுக்காது. அமெரிக்கப் பேஸ்பாலிலும் அணிகளே வர்ணனையாளர்களை அமர்த்தும் வழக்கம் உண்டு. அங்கும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை.

உள்ளூர்ப் பாசம் வேறு விஷயம். கன்னட வர்ணனை பெங்களூருக்கும் தமிழ் வர்ணனை சென்னைக்கும் சாய்வதில் எனக்குக் குறை இல்லை. கேட்பவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தமிழ்க் குடும்பங்கள் பெங்களூரு ஆட்டத்தைத் தமிழிலும் சென்னை ஆட்டத்தைக் கன்னடத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதுண்டு. இரண்டு பக்கத்துப் பாசத்தையும் கேட்டு ரசிக்கிற அவர்களுக்கும், தங்கள் அணி ஏன் தோற்றது என்ற நேர்மையான விளக்கம் வேண்டும். பாசம் அதை விழுங்கிவிடக்கூடாது.

பெண்கள் பக்கம் இந்த வழி இன்னும் குறுகலாகவே இருக்கிறது. சிக்கமகளூரு மாவட்டம் கடூரைச் சேர்ந்த வேதா கிருஷ்ணமூர்த்தி 2017 உலகக் கோப்பை இறுதியில் லார்ட்ஸில் ஆடியவர்; 48 ஒருநாள், 76 டி20 சர்வதேச ஆட்டங்கள். 2021-இல் கோவிட் அவருடைய தாயையும் அக்காவையும் அடுத்தடுத்துக் கொண்டுபோனது. இந்திய அணிக்கு வெளியே இருந்த ஆண்டுகளில் அவர் வர்ணனைக்கு வந்தார். 2023-இல் பெண்கள் பிரீமியர் லீக்கின் முதல் ஏலத்தில் அவரை யாரும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு குஜராத் ஜயன்ட்ஸுக்காக மறுபடி மட்டை பிடித்தார். 2025 ஜூலையில் ஓய்வை அறிவித்தார். கார்த்திக்கைப் போலவே மைக்கும் மட்டையுமாக மாறி மாறிப் போனவர். ஆனால் அவர் பெயரை இந்த வரிசையில் சொல்பவர்கள் குறைவு. அவர் ஆண்கள் ஆட்டத்தையும் கன்னடத்தில் அலசுகிறார் என்பது முக்கியம். பெண் வர்ணனையாளர் பெண்கள் ஆட்டத்துக்கு மட்டும் என்ற வேலியை அமெரிக்காவில் சாஃப்ட்பால் ஆட்டக்காரர் ஜெசிக்கா மெண்டோசா 2015-இல் இஎஸ்பிஎன்னின் தேசிய பேஸ்பால் ஒளிபரப்பில் அமர்ந்து தாண்டினார். இங்கே அந்த வேலியைத் தாண்டியவர்களை விரல்விட்டு எண்ணலாம். இந்திய மகளிர் அணியின் முதல் டெஸ்ட் கேப்டன் சாந்தா ரங்கசாமியைத் தந்த ஊர் பெங்களூரு. கன்னடக் குழுவில் ஒரே ஒரு பெண் இருப்பதைச் சாதனையாகச் சொல்லிக்கொள்ளும் காலம் முடிந்திருக்க வேண்டும்.

 நடுவராக வேண்டுமானால் தேர்வு எழுத வேண்டும், ஸ்கோரருக்கும் தேர்வு உண்டு, பயிற்சியாளருக்கு நிலை வாரியாகப் படிப்பு உண்டு. கோடிக்கணக்கானோர் கேட்கும் மைக்கைப் பிடிப்பவருக்குக் கட்டாயமான தேர்வு எதுவும் கிடையாது. பயிற்சிக்கு இடம் இல்லாமலும் இல்லை. 2024 செப்டம்பரில் பெங்களூரு விமான நிலையத்துக்கு அருகே திறக்கப்பட்ட வாரியத்தின் புதிய மையத்தில் மூன்று மைதானங்கள் இருக்கின்றன. ஆண்டு முழுக்க ஆட்டம் நடக்கிறது. அங்கே ஓர் அறையில் திரையும் ஹெட்போனும் வைத்து, காயத்தால் ஓய்வில் இருக்கும் ஆட்டக்காரர்களை ஒரு இன்னிங்ஸ் பேசவைத்துப் பதிவுசெய்து திருப்பிப் போட்டுக் காட்டப் பெரிய செலவு ஆகாது. கர்நாடகத்தின் மகாராஜா டிராபியும் தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் மைதானத்திலிருந்தே பேசிப் பழக ஏற்ற இடங்கள். ரஞ்சி ஆட்டங்கள் இன்னும் நல்லவை: நான்கு நாள் நீளம், ரசிகர் குறைவு, சத்தம் குறைவு, தவறினால் திருத்திக்கொள்ள அடுத்த ஓவர் இருக்கிறது. 30 வயது தாண்டிய ஒரு ரஞ்சி ஆட்டக்காரரை, அவருடைய அணி ஆடாத வாரத்தில் பக்கத்து ஊர் ஆட்டத்துக்கு அனுப்பித் தாய்மொழியில் பேசவைத்தால், ஓய்வு பெறும் நாளில் அவர் பெனோவைப் போல ஆயத்தமாக நிற்பார். கர்நாடகச் சங்கமும் தமிழ்நாட்டுச் சங்கமும் அடுத்த ரஞ்சிப் பருவத்திலேயே ஆளுக்கு நாலு பேரை வைத்து இதைத் தொடங்கலாம்.